பள்ளிக்கும் வீட்டிற்கும் வாரம் ஒரு கடிதம்

(நமது சங்கத்தின் வருடாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மிகுந்த மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகளுக்கு இன்று காலை இம்மேடையிலே பரிசுகள் வழங்கப்பெற்றன. நாமெல்லாம் கண்டு களித்தோம். அக்களிப்பினூடே என் உள்ளத்தில் எழுந்த ஒரு வினாவையே இப்பேச்சிற்குப் பொருளாகக் கொண்டேன். பரிசு பெறாத பிள்ளைகள் எவ்விடத்தில் பின்தங்கினர்? பத்தாம் வகுப்பிலா? அன்று. அவருட் பலர் பின்தங்கியது நான்காம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலுமேயாம். அப்பொழுது அஃது ஒருவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. புலப்பட்ட காலத்திலோ ஐந்தாண்டுகள் கடந்துவிட்டன.

இவ்வயதின் இயல்பைச் சற்று ஆராய்வோம். முதல் மூன்று வகுப்புக்களிலே குழந்தை படிப்பதற்குக் கற்கின்றது. நான்காம் வகுப்பு முதற்கொண்டு கற்பதற்குப் படிக்கின்றது. பாட்டும் படமுமாக இருந்த புத்தகத்தில் பத்திகள் நீளுகின்றன. அறிவியலும் சமூக அறிவியலும் புதிய சொற்களைக் கொணர்ந்து குவிக்கின்றன. கணக்கிலே, எண்களை மட்டும் கூட்டிய காலம் போய், நான்கு வரி வாக்கியத்தைப் படித்துப் பொருள் உணர்ந்த பின்னரே கூட்டலா கழித்தலா என்று துணியவேண்டிய காலம் வருகின்றது. எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கும் பிள்ளை வாக்கியத்தின் கடைசிச் சொல்லை எட்டுவதற்குள் முதற்சொல்லை மறந்துவிடுகின்றது. அது கணக்கில் மந்தம் என்று நாம் சொல்லுகிறோம். உண்மையில் அதன் குறை வாசிப்பிலே இருக்கின்றது.

பத்து வயதுப் பிள்ளை தன் குறையை மறைக்கவும் அறியும். பக்கத்திலிருப்பவன் ஏட்டைப் பார்த்து அழகாக எழுதிவிடும். உபாத்தியாயர் சிவப்பு மையால் குறியிட்டிருப்பார். வீட்டிலே தாயார் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, எழுத்து முத்துமுத்தாக இருக்கின்றதென்று மகிழ்வார். எழுத்து அழகியதே, ஆனால் அதன் பொருள் பிள்ளைக்குத் தெரியாது. அது தெரியாதென்பது தாய்க்கும் தெரியாது.

முற்காலத்திலே இதனை அறிவிக்கப் பரீட்சை என்றொன்று இருந்தது. தவறினால் அதே வகுப்பில் மீண்டும் இருக்கவேண்டும். இக்காலத்தில் அவ்வாறில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியுமளவும் எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைத்தலாகாதென விதித்தது. 2019இல் அச்சட்டம் திருத்தப்பெற்று, ஐந்தாம், எட்டாம் வகுப்புக்களில் பரீட்சை வைத்து நிறுத்தும் உரிமை மாகாணங்களுக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டே தமிழ்நாட்டில் அவ்வகுப்புக்களுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பெற்றது. பெற்றோரும் ஆசிரியரும் எதிர்த்தமையால் 2020 பிப்ரவரியில் கைவிடப்பெற்றது. 2024 டிசம்பரில் மத்திய அரசாங்கம் தன் விதிகளை மாற்றியபோதும், தமிழ்நாடு தன் பழைய முறையே தொடரும் என்று அறிவித்தது.

அம்முடிவு நல்லதென்பதே என் அபிப்பிராயம். பத்து வயதுக் குழந்தையைத் 'தோற்றவன்' என்று முத்திரையிட்டால், அது படிப்பை மட்டுமன்று, பள்ளியையே விட்டுவிடும். முதலில் விடுவது ஏழை வீட்டுப் பிள்ளை. அதிலும் பெண் பிள்ளை. ஆயினும் ஒன்று நினைவில் இருத்தல் வேண்டும். வாயிற்காப்போனை நீக்கிய வீட்டில், வீட்டார் விழித்திருத்தல் இன்றியமையாதது. பரீட்சை சொல்லி வந்ததை இனி வேறொருவர் சொல்லியாகவேண்டும். அதைச் சொல்லுபவர் யார்? கேட்பவர் யார்?

நம் முன்னோர் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இவ்வினாவிற்கு இடமேயில்லை. உபாத்தியாயர் அதே தெருவில் வாழ்ந்தார். கோயிலிலும் குளக்கரையிலும் பெற்றோர் அவரைக் கண்டு பேசினர். வராத பிள்ளையை அழைத்துவரச் சட்டாம்பிள்ளை வீட்டுக்கே போவான். நவராத்திரிக் காலத்தில் உபாத்தியாயர் தம் மாணவரை அழைத்துக்கொண்டு வீடுதோறும் சென்று பாடச் செய்வார். அக்காலத்தைப் பொற்காலமென்று புகழ நான் துணியேன். அத்திண்ணை எல்லார் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. பிரம்பும் கோதண்டமும் அங்கே ஆட்சி புரிந்தன. ஆனால் பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே பேச்சு அற்றுப்போகவில்லை. அந்த ஒன்றை மட்டும் நாம் மீட்டுக்கொள்ளுதல் தகும்.

இக்காலத்து நிலை யாது? ஆசிரியர் பத்துக் கல் தொலைவிலிருந்து பேருந்தில் வருகின்றார். தந்தை திருப்பூரிலோ சென்னையிலோ வேலை செய்கின்றார். தாய் விடியுமுன் வேலைக்குப் புறப்படுகின்றார். பள்ளியிலிருந்து வீட்டிற்குச் செய்தி வரும் சமயங்கள் மூன்றே. ஏதேனும் சான்றிதழ் நகல் வேண்டும்போது. மதிப்பெண் அட்டையில் கையொப்பம் வேண்டும்போது. பிள்ளை குற்றம் செய்தபோது. ஆகையால் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு என்றாலே தாயின் நெஞ்சு துணுக்குறுகின்றது. குற்றச் செய்தியைச் சுமந்து வருவதும் அப்பிள்ளையே. தன் குற்றப்பத்திரிகையைத் தானே ஏந்திச் செல்லும் கைதி அதனை வழியில் தொலைத்துவிடுதல் வியப்பாகுமா?

கைப்பேசி இருக்கின்றதே, வாட்ஸ்அப் குழு இருக்கின்றதே என்பீர்கள். அதன் உதவியை நான் மறுக்கவில்லை. நாளை விடுமுறை, மறுநாள் கூட்டம் என்று அறிவிக்க அதற்கு இணையில்லை. ஆனால் வீட்டின் ஒரே கைப்பேசி தந்தையின் சட்டைப்பையில் ஊருக்கு வெளியே இருக்கின்றது. இருக்கும் வீட்டிலும், முப்பது பேர் காணும் குழுவில் ஒரு பிள்ளையின் குறையை எழுதுதல் அறமன்று. எழுதாவிடிலோ அவ்வீட்டாருக்குப் பயனில்லை. ஊரறியப் பறையறைதலும் ஒருவர் செவியிற் சொல்லுதலும் வெவ்வேறு காரியங்கள்.

ஆதலின் நான் வேண்டுவது எளியதொரு முறை. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதட்டும்.

அந்த வாரம் எவ்வாறு சென்றது என்பதை நினைத்துப் பாருங்கள். திங்கட்கிழமை பிள்ளைகள் ஊர்ப்பேச்சும் உறக்கமும் கலந்து வருகின்றனர், சிலர் வருவதேயில்லை. செவ்வாய்க்கிழமை புதுப்பாடம் தொடங்குகின்றது. புதன்கிழமை யாருக்குப் புரியவில்லையென்பது ஆசிரியருக்குப் புரிகின்றது. வியாழக்கிழமை மீண்டும் சொல்லிக்கொடுக்கின்றார். வெள்ளிக்கிழமை அவ்வளவும் மூட்டை கட்டப்பெற்றுக் காற்றோடு போகின்றது. அம்மூட்டையை வீட்டிலே அவிழ்ப்பதற்கு ஒரு வழி செய்தல் வேண்டுமென்பதே என் விண்ணப்பம்.

இவ்வாரம் என்ன கற்றோம், அடுத்த வாரம் என்ன கற்போம், வீட்டிலிருந்து என்ன வேண்டும் என்னும் மூன்றையும் பிள்ளைகளே வாய்மொழியாகச் சொல்ல, ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார். 'பின்னம் என்றால் என்ன? ஒரு தோசையை நான்காக மடித்துப் பார்த்தோம்' என்று ஒரு குழந்தை சொல்லுமாயின் அதனையே எழுதலாம். பிள்ளைகள் தத்தம் ஏட்டில் அதனைப் படியெடுப்பர். இது தமிழ்ப்பாடமே, கட்டுரைப் பயிற்சியும் எழுத்துப் பயிற்சியும் ஆகும். ஆசிரியருக்குத் தனிச் சுமையன்று.

அதன்கீழ் ஆசிரியர் தம் கையால் ஒரு வரி மட்டும் எழுதுவார். அந்த ஒரு வரி அப்பிள்ளைக்கே உரியது. அதில் உண்மையான ஒரு நன்மை இருத்தல் வேண்டும். 'இவ்வாரம் புதிதாக வந்த மாணவிக்குத் தன் பெஞ்சில் இடம் கொடுத்தாள்' என்றாற்போல. முதல் நான்கு வாரங்கள் நன்மை மட்டுமே எழுதப்பெறுக. அதன் பின்னர், 'ஏழாம் வாய்ப்பாடு தடுமாறுகின்றது, தினம் ஐந்து நிமிஷம் கேளுங்கள்' என்று எழுதினால் அதனைப் பெற்றோர் உதவிக்குரிய குறிப்பாகக் கொள்வர், வசையாகக் கொள்ளார். பெரிய குற்றமாயின் ஏட்டில் எழுதற்க; நேரில் அழைத்துப் பேசுக.

ஆசிரியருக்கு நேரம் ஏது என்று கேட்கலாம். சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். ஒரு வரிக்கு இரண்டு நிமிஷம் கொள்ளுவோம். நாளொன்றுக்கு ஆறு பிள்ளைகளாக எழுதினால், பன்னிரண்டு நிமிஷத்தில் ஐந்து நாளில் முப்பதும் முடியும். இரண்டு வகுப்பை ஒருவரே நடத்தும் சிற்றூர்ப் பள்ளியாயின் இரு வாரத்திற்கொருமுறை எழுதுக. இது புதிய சுமையுமன்று. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை ஒழுங்கையும் கற்கும் திறனையும் முன்னேற்றத்தையும் தெரிவித்தல் ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றென்று முன்னமே கூறியிருக்கின்றது.

'எங்களுக்குப் படிக்கத் தெரியாதே' என்று சில தாய்மார்கள் எண்ணக்கூடும். தாய்மார்களே! அதுவே இம்முறையின் சிறப்பு. கடிதத்தைப் படிக்கவேண்டியவர் நீங்களல்லீர். பிள்ளையே உரக்கப் படிக்கும். நீங்களோ பாட்டியாரோ அருகிலிருந்து கேட்டால் போதும். தடங்கலின்றிப் படிக்கின்றதா, திக்கித் திக்கிப் படிக்கின்றதா என்பதை அறிய எழுத்தறிவு வேண்டுவதில்லை, செவி போதும். தான் எழுதிய கடிதத்தையே படிக்கத் தெரியாத பிள்ளை வாசிப்பில் பின்தங்கியதென்று அக்கணமே உணர்வீர்கள். பத்தாம் வகுப்பில் தெரியவேண்டியது ஐந்தாம் வகுப்பிலேயே தெரிந்துவிடும். 'எத்தனை மார்க்கு?' என்று வினவாமல், 'இதில் உனக்குப் புரியாதது எது?' என்று வினவுங்கள். புரியாததைச் சொன்ன பிள்ளையை அடிக்காதீர்கள். ஒருமுறை அடித்தால் மறுமுறை எல்லாம் புரிந்ததென்றே சொல்லும்.

கடிதத்தின் மறுபக்கம் வீட்டிற்குரியது. பிள்ளை சொல்ல, பிள்ளையே எழுதலாம். கீழே தாயின் கையொப்பமோ கைந்நாட்டோ இருக்கட்டும். தம்பி பிறந்தான், பாட்டிக்கு உடல்நலமில்லை, அப்பா ஊருக்குப் போனார், இரவு வெகுநேரம் விழித்திருக்கிறான் என்னும் சிறு செய்திகள் ஆசிரியருக்குப் பெருவிளக்காம். வகுப்பில் தூங்கும் பிள்ளையைச் சோம்பேறியென்று வைத லும் அதன் தலையைத் தடவி முகம் கழுவி வரச் சொல்லுதலும் ஆகிய இரண்டிற்கும் இடையே நிற்பது அந்த ஒரு வரியேயாகும்.

1956இல் காமராசர் காலத்தில் மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் அதன் விரிவும், 2022இல் காலைச் சிற்றுண்டியும் வந்தன. புத்தகமும் சீருடையும் விலையின்றி வருகின்றன. பிள்ளையைப் பள்ளிவாயில் வரை கொண்டுசேர்க்க அரசாங்கம் செய்யத்தக்கவை பல செய்திருக்கின்றது. ஆனால், 'இன்று என்ன கற்றாய்?' என்று அடுப்பங்கரையில் அமர்ந்து கேட்க எந்த அரசாங்கத்தாலும் ஆகாது. அது நம்முடைய பங்கு.

இனிச் சங்கத்தாருக்கு என் விண்ணப்பங்கள் மூன்று. முதலாவது, நம் ஊரிலுள்ள ஆரம்பப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும், எக்குலத்தார் எச்சமயத்தார் என்று பாராமல், இவ்வேட்டைச் சங்கம் வாங்கி அளிக்கவேண்டும். ஒரு வகுப்பறையில் சிலருக்கு மட்டும் ஏடு கொடுத்தல் பிள்ளைகளைப் பிரிப்பதாக முடியும். இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் நால்வரில் மூவர் பெற்றோராக இருத்தல் வேண்டுமென்றும், உறுப்பினரிற் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டுமென்றும் சட்டம் கூறுகின்றது. நம் தாய்மார் அக்குழுவில் அமர்ந்து வாய்திறந்து பேசவேண்டும். பகலிற் கூட்டம் வைத்தால் கூலி போகுமாதலின், மாலையில் வைக்கும்படி கேட்கவேண்டும். மூன்றாவது, படித்து வேலையின்றியோ ஓய்வுபெற்றோ இருக்கும் நம் அன்பர்கள் சனிக்கிழமை ஒரு மணி நேரம் சங்கக் கட்டிடத்தில் இருந்து, கேட்பாரற்ற பிள்ளைகளின் கடிதத்தைக் கேட்கவேண்டும். தாயும் தந்தையும் வெளியூரிலிருக்க, முதிய பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நம் தெருவிலே உண்டு. அவர்களுக்கும் ஒரு செவி வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; கட்டிடம் வேண்டுவதில்லை; மந்திரிமாரை அழைக்க வேண்டுவதுமில்லை. வருகின்ற வெள்ளிக்கிழமை ஒரே ஒரு பள்ளியில், ஒரே ஒரு வகுப்பில் தொடங்கினால் போதும். ஓராண்டு கழித்து அவ்வேடுகளைப் புரட்டிப் பார்ப்போம். முதற்பக்கத்து எழுத்திற்கும் கடைசிப் பக்கத்து எழுத்திற்கும் உள்ள வேற்றுமையே இம்முறை நன்றா தீதா என்பதற்குச் சாட்சி சொல்லும்.