மெல்லிசைக் குழுவின் வரவு செலவு
(புனே உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாரநாட்களில் ஆபீஸ், வார இறுதியில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு என்று புனேயில் இருப்பவன் நான். "நம்மவாதானே, பார்த்துப் பண்ணுங்கோ" என்று கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு சிறு கணக்கு.

ஐந்து பேருக்கு ரூ.15,000 பேசியதாக வைத்துக்கொள்வோம். மைக்செட் வாடகை 5,000, வண்டிக்கு 2,000 போக, தலைக்கு ரூ.1,600. அதற்கு மூன்று நாள் ஒத்திகை வேறு. எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. தபலா வாசிப்பவருக்கு இதுதான் ஜீவனம். கணேசோத்ஸவப் பத்து நாளும் அவருக்கு அறுவடைக் காலம். நமக்கென ஒதுக்கிய தேதியைக் கடைசி நேரத்தில் ரத்து செய்தால், அவருக்கு அன்றைய வரும்படியே போயிற்று.

அடுத்தது நேரம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைகளுக்காக மாநில அரசு வருஷத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அனுமதிக்கலாம். மற்ற நாட்களில் பத்து என்றால் பத்துதான். வரவேற்புரைகள் நீண்டு எட்டரைக்கு எங்களை மேடையேற்றிவிட்டு, "பாதிதானே வாசித்தீர்கள்" என்று பேசிய தொகையைக் குறைப்பது நியாயமா?

கச்சேரி ஏற்பாடு செய்யும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம்: தொகையையும் நேரத்தையும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பாதியை முன்பணமாகவும் மீதியை அன்றிரவேயும் கொடுத்துவிடுங்கள். பொன்னாடையை அதன் பிறகு போர்த்தலாம்.