கிழங்குப் பயிரும் கிணற்று நீரும்



வேலூர் லாங் பஜாரில் காய்கறி வாங்க வருகிறவர்களின் கைகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். கத்தரிக்காயின் காம்பைப் பார்க்கிறார்கள். வெண்டைக்காயின் நுனியை ஒடிக்கிறார்கள், கடைக்காரர் முகம் சுளிப்பதையும் பொருட்படுத்தாமல். முள்ளங்கியிடம் வரும்போது மட்டும் அவர்கள் கண்ணை நம்புவதில்லை. கையில் தூக்கி எடை பார்க்கிறார்கள். கனமில்லாவிட்டால் உள்ளே பஞ்சுபோல் இருக்கும் என்று கீழே வைத்துவிடுகிறார்கள். நெடுக வெடித்திருந்தாலும், இரண்டு கால்போல் பிளந்திருந்தாலும் ஒதுக்கிவிடுகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு அளவுக்கு மீறிக் காரமாக இருந்தால், அடுத்த வாரம் அந்தக் கடைக்குப் போவதில்லை.

பிளவுக்குப் பெரும்பாலும் கல்லும் மக்காத எருவும் காரணம். மற்றக் குறைகளுள் பெரும்பாலானவை நீர் பாய்ச்சியவருடைய கணக்கு. மேலே வளரும் காய்க்குத் தாகம் எடுத்தால் அதன் வாட்டத்தை நாம் பார்த்துவிடலாம். மண்ணுக்குள் வளர்வது தன் குறையை அறுவடை நாளில்தான் சொல்லும்.

கிழங்கு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல வகை உண்டு. முள்ளங்கி, கேரட், பீட்ரூட் ஆகியவற்றில் நாம் உண்பது பெரும்பாலும் பருத்த ஆணிவேர். சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் வேற்றிட வேர்கள் பருத்தவை. உருளைக்கிழங்கும் சேனையும் வேரே அல்ல. மண்ணுக்குள் இருக்கும் தண்டுகள். தேர்வுத்தாளில் இதை மாற்றி எழுதி மதிப்பெண் இழந்த மாணவர்கள் பலரை நான் அறிவேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது முக்கியமாக முதல் வகையை.

முள்ளங்கி வெடிப்பது எப்படி? சில நாள் நீரின்றிக் கிடந்தால் வேரின் வளர்ச்சி தளர்கிறது, மேல்தோல் இறுகுகிறது. பிறகு ஒருநாள் மனமிரங்கி மடையை முழுதும் திறந்துவிடுகிறோம். உள்ளே இருக்கும் உயிரணுக்கள் நீரை ஆவலோடு உறிஞ்சிப் பருக்கின்றன. இறுகிய தோல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் கிழிகிறது. ஆக, வெடிப்புக்குக் காரணம் மிகுந்த நீர் மட்டுமன்று. வறட்சியும் வெள்ளமும் அடுத்தடுத்து வருவது. காரத்துக்கும் இதே போன்ற காரணம் உண்டு. முள்ளங்கி கடுகின் இனத்தைச் சேர்ந்தது. வெப்பத்திலும் நீர்க்குறைவிலும் வளர்ந்தால் அந்தக் குலத்துக்குரிய காரம் அதில் ஓங்கிவிடுகிறது.

ஆதலால் கிழங்குப் பயிருக்கு வேண்டுவது சீரான ஈரம். அதுவும் ஆழமான ஈரம். நாள்தோறும் மாலையில் பூவாளியால் இரண்டு சுற்றுத் தெளித்துவிட்டு, தோட்டத்துக்கு நீர் விட்டாயிற்று என்று உள்ளே போகிறவர்கள் மேல்மண்ணை மட்டுமே நனைக்கிறார்கள். நீர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேர் தங்கும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். மூன்று மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பாத்திக்கு 25 மில்லிமீட்டர் நீர் விட வேண்டுமானால் 75 லிட்டர் தேவை. 15 லிட்டர் கொள்ளும் குடமானால் ஐந்து குடம். மணற்பாங்கான மண்ணில் இது ஒரு சாண் ஆழத்துக்கு மேல் இறங்கும்; களிமண்ணில் அதைவிடக் குறைவாக இறங்கும். மார்கழி, தை மாதங்களில் வாரத்துக்கு ஏறக்குறைய இந்த அளவு போதும். சித்திரை வெயிலில் போதாது. இடைவெளியைக் குறைக்க வேண்டும். நீர் விட்ட மறுநாள் பாத்தியின் ஓரத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி, அடிமண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகச் சேர்ந்தால் நீர் சென்றிருக்கிறது, உதிர்ந்தால் செல்லவில்லை.

விதைத்த உடனே ஒரு நீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு மண்ணைப் பார்த்து வாரம் ஒரு நீர் என்பது நம் உழவர்களின் வழக்கம். முள்ளங்கிக்கு இது பொருந்தும். கேரட் விதை சோம்பேறி. முளைக்க 10 முதல் 15 நாள்வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் மேல்மண் காய்ந்து ஓடுபோல் இறுகினால் முளை வெளியே வர முடியாது. பழைய கோணிச் சாக்கை நனைத்துப் பாத்தியின்மேல் விரித்து, முளை தலைகாட்டியதும் எடுத்துவிடலாம். மெல்லத் தெளிப்பதற்குரிய காலம் இந்த ஒன்றுதான்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். திண்டுக்கல்லில் இருப்பவரும் யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் இதைக் கேட்டுப் பயன் பெறலாம். ஆனால் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இது பாதிப் பாடமே. எவ்வளவு நீர், எப்போது நீர் என்று கேட்பதற்கு முன்னால், எந்த நீர் என்று கேட்க வேண்டிய நிலையில் நாங்கள் இருக்கிறோம்.

நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை என்று வேலூரைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கோட்டையைப் பற்றிச் சொன்னது சரி. ஆற்றைப் பற்றிச் சொன்னது முழு உண்மையன்று. கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி வரும் பாலாற்றின் செல்வம் மணலுக்கு மேலே ஓடுவதைவிட மணலுக்கு அடியில் மிகுதி. 2021 நவம்பரில் கரை புரண்டு வந்ததுபோன்ற வெள்ளம் அரிது. கரையோரத்துக் கிணறுகளே எங்களுக்கு ஆறு. அந்தக் கிணறுகளைச் சூழ்ந்தே வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது.

முற்காலத்தில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்டார்கள். பிற்காலத்தில் குரோம் உப்புக் கொண்டு பதனிடும் முறை பரவியது. இரண்டு முறைக்கும் முன்னால் ஒரு பொது வேலை உண்டு. பச்சைத்தோல் வழியில் அழுகாதிருக்க அதில் சாதாரண உப்பை நிறையத் தடவி வைக்கிறார்கள்; தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கழுவுகிறார்கள். அந்த உப்புநீர் எங்கே போயிற்று? பல ஆண்டுகள் வாய்க்காலுக்கும் ஏரிக்கும் ஆற்று மணலுக்கும் போயிற்று. அங்கிருந்து கிணற்றுக்கு வந்தது.

ஆம்பூர்ப் பக்கம் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் தோட்டம் ஒன்று இருந்தது. மாணவர்கள் முறை வைத்து நீர் இறைத்தார்கள். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் முள்ளங்கி இலையின் விளிம்பு தீயில் காட்டியதுபோல் கருகும். கிழங்கு விரலளவுக்கு மேல் பருக்காது. பாத்தியின் மேட்டில் காலையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். "சார், யாரோ சுண்ணாம்பு கொட்டிவிட்டார்கள்" என்றான் ஒரு சிறுவன். நாக்கில் வைத்துப் பார்த்தவனுக்கு அது சுண்ணாம்பன்று என்று தெரிந்தது. அந்த வகுப்பில் பாதிப் பேருடைய தந்தையர் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். அந்தக் கூலியில்தான் அவர்கள் பள்ளிக்கு வந்தார்கள். ஆகையால் தொழிலை ஏசிவிட்டுப் பாடத்தை முடிப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை, இன்றும் எளிதன்று.

உப்பு நீர் கிழங்கை என்ன செய்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். உருளைக்கிழங்கில் ஒரே அளவான இரண்டு வில்லைகள் நறுக்குங்கள். ஒன்றை வெறும் நீரிலும், மற்றொன்றை இரண்டு கரண்டி உப்புக் கரைத்த நீரிலும் போட்டு இரண்டு மணி நேரம் வையுங்கள். முதல் வில்லை விறைப்பாக இருக்கும். இரண்டாவது துணிபோல் வளையும். சவ்வூடு பரவல் என்று நீங்கள் படித்தது இதுவே. சுற்றியுள்ள நீரில் உப்பு மிகுந்தால் வேர் நீரை இழுக்கப் பெரும்பாடு படுகிறது. ஈரத்தின் நடுவிலே பயிர் தாகத்தால் வாடுகிறது. அதைப் பார்த்து நாம் இன்னும் சிறிது உப்புநீரை ஊற்றுகிறோம்!

நீரின் உப்பை அளக்க மின்கடத்து திறன் என்ற அளவு வழங்குகிறது. மீட்டருக்கு ஒரு டெசிசீமன்ஸ் என்றால் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 640 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது எனலாம். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 1985-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, விளைச்சல் குறையாமலிருக்கப் பாசன நீரின் அளவு கேரட்டுக்கு 0.7, முள்ளங்கிக்கு 0.8, சர்க்கரைவள்ளிக்கு 1.0 ஆகியவற்றைத் தாண்டக்கூடாது. பீட்ரூட் மட்டும் 2.7 வரை தாங்கும். அதன் மூதாதை கடற்கரையில் வளரும் செடி. நீரின் அளவு 3.0 ஆனால் கேரட்டின் விளைச்சல் பாதியாகிவிடும். அந்த நீர் லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டு கிராம் உப்பைக் கொண்டுவருகிறது. முன்பு சொன்ன பாத்திக்கு வாரம் 75 லிட்டர் விட்டால் வாரம் 150 கிராம். ஆறு வாரத்தில் 900 கிராம். நீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாவதில்லை.

இந்தக் கணக்கு ஒரு பாத்திக்கு. ஒரு மாவட்டத்துக்கு எவ்வளவு என்பதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்றவர்கள் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார். 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் வந்த தீர்ப்பு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் நடத்திய ஆய்வை எடுத்துக்காட்டுகிறது: தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றதாகிவிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது அத்தீர்ப்பு. சட்டம் பயிலும் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் சாதாரணச் சுத்திகரிப்பு சாதாரண உப்பை நீக்குவதில்லை. அதற்கு எதிர்ச் சவ்வூடு பரவல் என்னும் செலவு மிகுந்த முறை வேண்டும். 2025 ஜனவரி 30-ஆம் நாள் அதே நீதிமன்றம் இழப்பீட்டையும் நிலத்தின் மீட்பையும் பற்றி மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளை நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை தோட்டக்காரன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? சற்று உவரான நீரைக் கையாளவும் முறை உண்டு. முதலாவது, சிறிது சிறிதாக அடிக்கடி ஊற்றுவதை அறவே விட வேண்டும். நீர் மேலேயே நின்று ஆவியானால் உப்பு மேலேயே தங்கும். வேருக்குத் தேவையான அளவுக்குச் சற்று மிகையாகவே ஒரே தடவையில் விட்டால், மிகை நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வேருக்குக் கீழே இறங்கும். அடிமண் இறுகி நீர் தேங்கும் நிலத்தில் இது பலிக்காது. இலைமேல் ஊற்றுவதும் கூடாது; இலையே கருகும்.

அடுத்தது, விதைக்கும் இடம். பார் பிடித்து முள்ளங்கி போடும்போது பாரின் உச்சியில் விதைப்பது வழக்கம். சாலில் விட்ட நீர் இரு புறமும் ஊறி மேலேறி உச்சியில் ஆவியாகிறது. உப்பு முழுவதும் உச்சிக்கு வந்து சேர்கிறது. எங்கள் பள்ளிச் சிறுவன் கண்ட வெள்ளைப் பொடி அதுவே. ஆகவே உவர்நீர் பாயும் இடத்தில் உச்சியை விட்டுவிட்டுப் பாரின் பக்கச் சரிவில், நீர் மட்டத்துக்குச் சற்று மேலே விதைக்க வேண்டும். செலவில்லாத மாற்றம் இது. புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி விதைத்தால் வானமே உப்பைக் கழுவித்தரும். கூரைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து முளைக்கும் பருவத்துக்கு மட்டும் பயன்படுத்தினாலும் நல்லது. உப்பைத் தாங்கும் வலிமை இளமுளைக்கே மிகக் குறைவு.

குரோமைப் பற்றி மட்டும் எந்த உபாயமும் சொல்லமாட்டேன். செடிகள் குரோமை உறிஞ்சினால் அதில் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திக்கொள்கின்றன. கத்தரிச் செடிக்கு வேர் தூக்கி எறியும் பொருள். முள்ளங்கியிலோ வேரே உணவு. கழிவுநீர் வாய்க்காலை ஒட்டிய கிணற்றிலும், கழிவு கொட்டிய மண்ணிலும் கிழங்கு எதையும் பயிரிடாதீர்கள்.

உங்கள் கிணறு எத்தகையது என்பதை நாக்கால் தீர்மானிக்க வேண்டாம். விரிஞ்சிபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அரசின் மண், நீர் பரிசோதனை நிலையங்களும் உண்டு. சுத்தமான ஒரு லிட்டர்ப் பாட்டிலை அந்தக் கிணற்று நீராலேயே மூன்று தடவை அலசுங்கள். பம்பு பத்து நிமிடம் ஓடிய பிறகு நீரைப் பிடியுங்கள். காற்றுப் புகாமல் மூடி, ஊர், கிணறு இருக்கும் இடம், ஆழம், நாள் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டி, தாமதமின்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள். குரோமும் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும். வழக்கமான சோதனையில் அது அடங்காது. கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் எடுத்தால் இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கே வியப்பாக இருக்கும்.