கயிற்றைப் பிடித்திருப்பவன்

(கந்த சஷ்டி விழாவையொட்டித் தூத்துக்குடியில் நிகழ்த்தப்பெற்ற சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘அச்சம் வரும்போது ஆண்டவன்’ என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். கடற்கரையில் வாழும் உங்கள் முன் இப்பொருளைப் பேசுவதில் ஒரு வசதி உண்டு. அச்சம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. கடலுக்குச் சென்ற மகன் பொழுது சாய்ந்தும் கரை திரும்பாத வீட்டில், வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கும் தாய் அதனை அறிவாள். உப்பு விளைந்து வாரும் வேளையில் மேகம் திரளக் கண்ட உப்பளத் தொழிலாளி அறிவார். மருத்துவமனை நடைவழியில் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவர் அறிவார். ஆகவே அச்சத்தின் இலக்கணத்தை விட்டுவிட்டு, அது வந்து நெஞ்சில் அமரும்போது எதனைப் பற்றிக்கொள்வது என்பதற்கு நேராக வருவோம்.

அதற்கு ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை. இந்த ஊரின் பழந்தொழிலே பாடம் சொல்கிறது.

தூத்துக்குடிக்கு முத்துநகர் என்று பெயர். இன்று அப்பெயர் ஒரு விரைவு ரயிலில் ஓடிக்கொண்டிருக்கிறது. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு இக்கடலில் நின்றுபோயிற்று. ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளாக உலகம் இக்கரையை முத்தினாலேயே அறிந்திருந்தது. பெரிப்ளூஸ் என்னும் பழைய கிரேக்கக் கடல்வழி நூல், கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்தனர் என்று குறிப்பிடுகிறது. உயிருக்கு உறுதியில்லாத தொழில் என்பது இதிலிருந்தே விளங்குகிறதன்றோ?

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதி முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ மற்றொரு சுவையான செய்தியைத் தருகிறார். சுறா முதலிய கொடிய மீன்கள் தீண்டாதபடி மந்திரத்தால் அவற்றைக் கட்டுவதற்கென்று அந்தணர் சிலர் இருந்தனராம். கிடைக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு உரியது. அக்கட்டு பகலில் மட்டுமே செல்லும். இரவில் திருடர் இறங்கி முத்தெடுத்துவிடக் கூடாதென்று மாலையில் அதனை அவிழ்த்துவிடுவார்களாம்! பிற்காலத்தில் இவர்களைக் ‘கடல்கட்டி’ என்று அழைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் அப்பணியைச் செய்தவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர். சமயம் எதுவாயினும், ஆழத்தில் இறங்கும் மனிதனுக்கு யாரோ ஒருவர் தனக்காகக் கரையில் நின்று வேண்டிக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் தேவைப்பட்டிருக்கிறது.

முத்துக்குளித்த முறையைச் சற்று நினைத்துப் பாருங்கள். சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். பத்து, இருபது மீட்டர் ஆழத்தில் இப்பார்கள் உள்ளன. முத்துக்குளிப்பவர் தோணியின் விளிம்பிலிருந்து ஒரு கனத்த கல்லில் காலை ஊன்றி, மூச்சை அடக்கி இறங்குவார். கல் அவரை விரைந்து அடித்தளத்தில் கொண்டு சேர்க்கும். கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். அவர் கைக்கெட்டிய சிப்பிகளை வலைப்பையில் அள்ளிப் போடுவார். இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்திற்குள். மூச்சு முட்டும் தறுவாயில் கயிற்றை ஒரு முறை அசைப்பார். தோணியில் இருப்பவர் அந்த அசைவை உணர்ந்த மறுகணமே இழுத்தெடுக்க வேண்டும். அவர் கண் அயர்ந்தாலோ, பக்கத்துத் தோணிக்காரரோடு பேச்சில் ஈடுபட்டாலோ, அவ்வளவுதான்.

இந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது? மனைவியின் உடன்பிறந்தவனையே அமர்த்துவார்கள் என்று இக்கரையில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. உடன்பிறந்தவளின் தாலி அக்கயிற்றில் தொங்குகிறது என்பதை மைத்துனன் ஒருபோதும் மறக்க மாட்டான். கூலிக்குப் பிடிப்பவன் கைக்கும் உறவுக்குப் பிடிப்பவன் கைக்கும் உள்ள வேறுபாட்டைப் படிப்பறியாத நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருக்கிறார்கள்!

கீழே இருப்பவருக்கு மேலே இருப்பவரின் முகம் தெரியாது. குரல் கேட்காது. கடலடியின் மங்கலில் அவருக்கு உறுதியாகத் தெரிவது கையில் இருக்கும் கயிறு ஒன்றுதான். சுறா இல்லை என்று எண்ணி அவர் இறங்கவில்லை. நீரோட்டம் இல்லை என்றும் எண்ணவில்லை. அச்சத்தோடுதான் இறங்கினார். ஆனால் தனியாக இறங்கவில்லை.

செந்திலாண்டவன் திருவுருவப் படங்களின் அடியில் ‘யாமிருக்கப் பயமேன்’ என்று அச்சிட்டிருப்பதை நாள்தோறும் காண்கிறோம். பார்த்துப் பார்த்துப் பழகியதால் அதன் பொருளை நாம் எண்ணுவதில்லை. ‘உனக்குத் துன்பமே வராது’ என்று அங்கே எழுதவில்லை. ‘கடல் பொங்காது, நோய் அணுகாது’ என்றும் எழுதவில்லை. ‘யாம் இருக்க’ என்று மட்டுமே இருக்கிறது. அவன் தந்திருக்கும் வாக்கு அவனுடைய இருப்பைப் பற்றியது. அதனைத் துன்பமே வராது என்னும் ஒப்பந்தமாக நாம் மாற்றிக்கொள்ளும்போதுதான் மனம் உடைகிறது.

இதனை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை வந்தது. திருச்செந்தூரில் பெருஞ்சேதம் இல்லை. நம் கரைக்கு முன்னே இலங்கைத் தீவு நின்று அலையின் வேகத்தைப் பெருமளவு தடுத்தது என்பர் அறிவியலார். ‘முருகன் இருந்ததால் நாம் தப்பினோம்’ என்று பெருமையோடு பேசினோர் உண்டு. நன்றி சொல்வது நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் அப்பேச்சை இன்னும் ஓரடி நீட்டினால் எங்கே போய் நிற்கும்? நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த நாகையில்தான் நீலாயதாட்சி அன்னை வீற்றிருக்கிறாள். அதற்கு அருகிலுள்ள சிக்கலில்தான் நம் முருகன் அன்னையிடம் வேல் வாங்கினான்; அந்த வேலைக் கொண்டுதான் செந்தூரில் சூரனை வென்றான். அது அவனுடைய தாய்வீடு! வேளாங்கண்ணிக்கு வழிபட வந்தவர்களையும் அன்று கடல் கொண்டது. அவர்களுடைய பக்தியில் குறை காண நாம் யார்? பிள்ளையை அலைக்குக் கொடுத்த ஒரு தாயின் முன் நின்று சொல்ல முடியாத ஆன்மிகத்தை நாம் மேடையிலும் சொல்லலாகாது என்பது அடியேனின் துணிபு.

அப்படியானால் அடியார்க்கு இறைவன் என்னதான் செய்கிறான்? திருநாவுக்கரசர் பெருமானின் வாழ்வைப் பாருங்கள். சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தார்கள். நஞ்சு கலந்த சோற்றைக் கொடுத்தார்கள். யானையை ஏவினார்கள். கடைசியில் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளினார்கள். முதல் துன்பத்திலேயே பல்லவ மன்னனின் மனத்தை மாற்றியிருக்கலாமே, இறைவனால் இயலாதா? மாற்றவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நான்கும் வந்தன. நான்கிலும் அவர் நா திருவைந்தெழுத்தை விடவில்லை. கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்ந்தது என்பது வரலாறு. கல் மிதந்ததையே நாம் வியந்து பேசுகிறோம். மூன்று துன்பங்களைக் கடந்து நான்காவதற்கு அழைத்துச் செல்லும்போது அவர் உள்ளம் கலங்காது நின்றதே, எனக்கு அதுவே பெரிய அற்புதமாகத் தோன்றுகிறது.

நம் செந்தூரிலேயே ஒரு செய்தி உண்டு. 1648ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் திருக்கோயிலைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியேறும்போது சண்முகர், நடராசர் திருமேனிகளைக் கப்பலில் ஏற்றிச் சென்றார்கள். நடுக்கடலில் புயல் எழுந்தது. அஞ்சிய அவர்கள் திருமேனியைக் கடலில் இறக்கிவிட்டார்கள் என்பது கோயில் வரலாறு. நெல்லையிலிருந்து நாயக்கருக்காக ஆட்சி செய்த வடமலையப்ப பிள்ளை, இழந்த திருமேனிக்குப் பதிலாக வேறொன்றை வார்க்கச் செய்தார். அப்போது அவர் கனவில் முருகன் தோன்றி, கடலில் எலுமிச்சங்கனி மிதக்கும் இடத்தில், மேலே கருடன் வட்டமிடும் இடத்தில் தேடுமாறு பணித்தான். அவ்வாறே 1653இல் திருமேனி வெளிப்பட்டது.

எலுமிச்சையையும் கருடனையும் எல்லோரும் சொல்கிறோம். இடையில் கழிந்த ஐந்து ஆண்டுகளை யாரும் சொல்வதில்லை. ஆறுமுகப் பெருமான் உப்பு நீரின் அடியில் மணலில் கிடந்த ஐந்து ஆண்டுகள். ஐந்து கந்த சஷ்டிகள் வந்து போயிருக்கும். கரையில் நின்ற அடியவர் ஒருவருக்கு, ‘என்னைக் காப்பவனே கடலுக்குள் போய்விட்டானே’ என்ற எண்ணம் எழுந்திருக்காதா? நம் காலத்தில் பெருந்தொற்று வந்து, 2020 நவம்பரில் பக்தர்கள் இன்றியே சூரசம்ஹாரம் நடந்தபோது, வீட்டில் அமர்ந்து தொலைக்காட்சியில் கண்டு அழுத தாய்மார்களுக்கு அந்த மனநிலை சிறிது விளங்கும். ஆழத்தில் கிடப்பது நாம் மட்டும் அல்லர். அவனும் நம்மோடு அங்கே இறங்கிக் கிடக்கிறான் என்று அந்த ஐந்து ஆண்டுகளை நான் எண்ணிக்கொள்வதுண்டு.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். அதனை மறந்தவர் இம்மாவட்டத்தில் இருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது; குளங்கள் உடைந்தன; ஊர்கள் தீவுகளாயின. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டது என்பதை அறிந்து, நிலையத்துப் பணியாளர் தக்க நேரத்தில் வண்டியை நிறுத்தினார். அது மேலே சென்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவே நடுங்குகிறது. ஏறத்தாழ எண்ணூறு பயணிகள். செந்திலாண்டவனைத் தரிசித்துத் திரும்பியவர்கள் பலர். நாற்புறமும் நீர், மின்சாரம் இல்லை, உணவு இல்லை.

‘இப்போதுதானே உன்னைக் கண்டு வந்தோம், முருகா!’ என்று அவ்வண்டியில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! அருகிலிருந்த புதுக்குடி ஊர் மக்கள் வந்தார்கள். அவர்களும் அதே வெள்ளத்தில் அகப்பட்டவர்கள்தாம். ஊர்க் கோயிலில் உலை வைத்துச் சமைத்து, முன்பின் அறியாத அப்பயணிகளுக்கு உணவளித்தார்கள். டிசம்பர் 19ஆம் நாள் வரை, மீட்புப் படையினர் வந்து எல்லோரையும் அழைத்துச் செல்லும் மட்டும், அந்த அடுப்பு அணையவில்லை.

அதே ஸ்ரீவைகுண்டத்தில்தான் குமரகுருபர சுவாமிகள் பிறந்தார். ஐந்து வயது வரை பேச்சில்லாத பிள்ளையைச் சுமந்துகொண்டு பெற்றோர் செந்தூருக்கு நடந்தார்கள்; அங்கே அவர் நா திறந்தது. ஒரு காலத்தில் ஊமைப் பிள்ளையின் பெற்றோர் அச்சத்தோடு நடந்த அதே வழியில், இன்னொரு காலத்தில் எண்ணூறு பேர் அச்சத்தோடு நின்றார்கள். முன்னவர்களுக்கு முருகன் சந்நிதியில் விடை கிடைத்தது. பின்னவர்களுக்குச் சோற்றுப் பாத்திரத்தைத் தலையில் சுமந்து, இடுப்பளவு நீரில் நடந்து வந்தவர்கள் வழியாகக் கிடைத்தது. இரண்டு விடைகளுக்கும் இடையே உயர்வு தாழ்வு எனக்குத் தெரியவில்லை.

ஒரு வேண்டுகோளையும் இங்கே வைக்கிறேன். அச்சம் வந்தவர்கள் எளிதில் ஏமாறுவார்கள். பரிகாரம் என்று சொல்லி யாரேனும் பெருந்தொகை கேட்டால், கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். நெய்விளக்கு ஒன்று போதும். அதுவும் இயலாவிட்டால் கைகூப்பினால் போதும். மருத்துவரிடம் போக வேண்டியதற்கு மருத்துவரிடம் போங்கள். வானிலை எச்சரிக்கை விடுத்தால் தோணியைக் கரையேற்றுங்கள். கயிறு இருக்கிறதென்று எந்த முத்துக்குளிப்பவரும் புயலில் இறங்கியதில்லை.

இரவில் உறக்கம் வராமல் அச்சம் வாட்டும்போது என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். தேவராய சுவாமிகள் அருளிய கந்த சஷ்டி கவசத்தில் தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி, அதனை வேல் காக்குமாறு வேண்டுகிறோம். இதில் ஒரு நுட்பம் உண்டு. அஞ்சிய மனம் நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் ஓடுகிறது. வராத துன்பத்தையெல்லாம் வந்ததாகக் கண்டு நடுங்குகிறது. கவசம் அம்மனத்தைக் கைப்பிடித்து அழைத்து வந்து, இதோ உன் நெற்றி, இதோ உன் கண், இதோ உன் தோள் என்று இந்த உடம்பில், இந்த நொடியில் அமர்த்துகிறது. மூச்சு சீராகிறது. ஓதி முடிக்கும்போது வெளியே எதுவும் மாறியிருக்காது. ஆனால் கயிறு கைக்கு அகப்பட்டிருக்கும்.

தீபாராதனைக்கு மணி அடித்துவிட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்று கவசத்தை ஒன்றாக ஓதுவோம். மனக்கவலையால் குரல் எழாதவர்கள் இக்கூட்டத்தில் இருக்கலாம். நீங்கள் ஓத வேண்டாம்; பக்கத்தில் நிற்பவர் உங்களுக்கும் சேர்த்து ஓதுவார்.