தரிசும் களரும்: கருவளச் சொற்கள் குறித்து

கிருமாம்பாக்கத்தைச் சூழ்ந்துள்ள பாகூர் வட்டாரம் ஏரிநீரால் நெல் விளையும் மண். பயிரிடாது விட்ட நிலத்தை உழவர் தரிசு என்பர். உப்பேறி விளைவு தராத நிலத்தைக் களர் என்பர். தரிசைக் களர் என்று அவர்கள் பிழைபடச் சொல்வதில்லை. (கல்லாதவருக்கு வள்ளுவர் உவமை கொண்டதும் களரையே, தரிசையன்று.) ஆவினத்திலும் அவ்வாறே. இன்னும் கன்று ஈனாத இளம்பசு கிடாரி. ஈனும் ஆற்றல் அற்றது மலட்டுப் பசு.

நிலத்துக்கும் மாட்டுக்கும் இத்துணை நுட்பமாகச் சொல் வகுத்த தமிழ், பெண்ணிடத்து வருங்கால் தடுமாறுகிறது. மணமாகிச் சில ஆண்டுகள் பிள்ளை பிறவாவிடின் 'மலடி' என்று ஊர் தீர்ப்பளித்துவிடுகிறது. நிகழாமை வேறு, இயலாமை வேறு. முன்னதைக் கண்டு பின்னதை முடிவுகட்டும் இச்சொல், கணவனிடத்துக் குறை இருக்கலாகாதா என்று கேட்பதுமில்லை. 'மலடன்' என்னும் ஆண்பாற் சொல் அகராதியில் உண்டு; தெருவில் அதன் ஒலி அரிது. வாழ்நாளில் ஒருமுறையேனும் கருவுறாமைக்கு ஆட்படுவோர் ஏறத்தாழ ஆறில் ஒருவர் என உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் கணித்தது. இருபாலரும் அக்கணக்கில் அடங்குவர்.

மக்கள்தொகையியலார் ஆற்றலையும் பிறப்பையும் பிரித்தே பேசுவர். ஆங்கிலத்தில் ஃபெகண்டிட்டி என்பது ஆற்றல். ஃபெர்டிலிட்டி என்பது நிகழ்ந்த பிறப்பு. பிரெஞ்சிலோ தலைகீழ்: ஃபெகோந்திதே பிறப்பைக் குறிக்கும், ஃபெர்திலிதே ஆற்றலைக் குறிக்கும். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், இரு மொழியும் அறிந்தவர் ஒலியொப்புமையை நம்பித் தமிழாக்கினால் பொருள் புரண்டுவிடும்.

இக்குழப்பம் செய்தித்தாளிலும் தலைகாட்டக்கூடியது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டின் வீதம் 1.8 என்றது. அதனைக் 'கருவுறும் திறன் குறைந்தது' என்று எழுதிவிடுவது எளிது. குறைந்தது திறனன்று, பெண்ணொருத்தி பெறும் பிள்ளைகளின் சராசரி.

மண்வளம் ஆற்றல், விளைச்சல் பயன். அவ்வழியே கருவளம் என்பதை ஆற்றலுக்கு நிறுத்தி, நிகழ்ந்ததைப் பேறு எனலே பொருந்தும். திருக்குறளின் ஏழாம் அதிகாரம் மக்கட்பேறு எனப்படுவதும் ஈண்டு நோக்கத்தக்கது. ஆயின் பாடநூல்கள் பிறப்புக் கணக்கையே கருவள வீதம் என்று எழுதிப் பழகிவிட்டன. மகப்பேற்று வீதம் என அவற்றை மாற்றுதல் எளிதன்று.

'மலடி' கலைச்சொற்குழுவின் கைக்கு எட்டாத சொல். அது வசையில் வாழ்கிறது, கவிதையிலும் வாழ்கிறது. மழை பொய்த்து விதையாது கிடக்கும் வயலை 'மலட்டு நிலம்' என்று பாடும் கவிஞர் பலர். உழவரைக் கேட்டால் அது தரிசு என்பார்.