மருந்து அடித்த தாய்மார்களும் பல்கலைக்கழக ஆராய்ச்சியும்

(பாகான் டத்தோ வட்டாரக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகங்களில் மகளிரியல், பால்நிலை ஆய்வு என்று ஒரு துறை இருக்கிறது. நம் வீட்டுப் பெண்பிள்ளைக்கு அதில் இடம் கிடைத்தால், "இதைப் படித்து என்ன வேலைக்குப் போவது?" என்றுதான் முதலில் கேட்போம். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பம் அப்படித்தான் கேட்கும், அதில் தவறில்லை. ஆனால் செம்பனைக் காட்டில் மருந்து பம்பைத் தோளில் சுமந்த உங்களுக்கும் அந்தத் துறைக்கும் நேரடியாகச் சம்பந்தம் உண்டு.

பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1978இல் 'கனிதா' என்ற பெயரில் பெண்கள், குழந்தைகள் பற்றிய ஆய்வுத் திட்டம் தொடங்கியது. மலாயாப் பல்கலைக்கழகம் 1990களில் பால்நிலை ஆய்வைப் பாடமாகக் கொண்டு வந்தது. இந்தத் துறை கேட்கும் கேள்விகள் எளிமையானவை. வேலையை யார் செய்கிறார்கள்? சம்பளம் யாருக்குப் போகிறது? நோய் யாருக்கு வருகிறது? கணக்கில் யார் விடுபடுகிறார்கள்?

நம் தோட்டங்களில் இதைக் கேட்டிருந்தால் பதில் உடனே கிடைத்திருக்கும். மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அடித்தது பாராகுவாட். கிராமாக்சோன் என்றால் உங்களுக்குத் தெரியும். நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது, தோல் வெந்தது, கண் எரிந்தது. உடம்புக்குள் போனால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. அதைத் தயாரித்து விற்ற நிறுவனத்தின் தலைமையகம் சுவிட்சர்லாந்தில். அந்த நாடு 1989லேயே பாராகுவாட்டைத் தன் மண்ணில் தடை செய்துவிட்டது. தங்கள் ஊருக்கு ஆகாதது நம் தாய்மார்களுக்கு ஆகும்!

இந்தக் கொடுமையை ஆய்வாக எழுதி முன்வைத்தது பல்கலைக்கழகம் அல்ல. ஐரீன் பெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய தெனாகனிதா அமைப்பும், பினாங்கில் இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து அதைச் செய்தன. மருந்து அடித்த பெண்களிடமே பேசி, அவர்கள் இரத்தத்தைச் சோதித்து, 2002இல் அறிக்கை வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஆனால் 2006இல் பின்வாங்கியது. தோட்ட முதலாளிகளின் குரல் புத்ராஜெயாவுக்கு எவ்வளவு சீக்கிரம் கேட்கிறது பாருங்கள். முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1 அன்றுதான். இதற்காக உழைத்த ஐரீன் அதைப் பார்க்கவில்லை. 2014லேயே காலமாகிவிட்டார்.

அறிவிப்பிலிருந்து தடைக்கு 17 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் பம்பு யார் தோளில் இருந்தது?

நான் வழக்கறிஞர். "எங்களுக்கு உடம்பு கெட்டுப் போச்சு" என்று நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் நீதிமன்றத்திலும் சொக்சோவிலும் அது மட்டும் போதாது. எந்த மருந்து, எத்தனை வருடம், என்ன நோய், இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். அதற்குத்தான் ஆராய்ச்சி வேண்டும். 2001இல் கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவைத் திருத்தி, பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று சேர்த்தார்கள். சட்டப் புத்தகத்தில் வரி வந்துவிட்டது. அந்த வரியைத் தூக்கிக்கொண்டு வாதாட ஆதாரம் வேண்டாமா?

பழைய கதையும் இருக்கிறது. 1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாள் சம்பளம் 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அருணிமா தத்தா என்ற வரலாற்று ஆய்வாளர் மலாயாத் தோட்டப் பெண்களைப் பற்றி 2021இல் ஒரு நூல் எழுதினார். வெள்ளைக்காரன் காலத்து ஆவணங்களைப் புரட்டி, அந்தப் பெண்கள் வாய்மூடிக் கிடந்த அடிமைகள் மட்டுமல்ல, சமயம் பார்த்துத் தங்கள் வழியைத் தாங்களே தேடிக்கொண்டவர்களும்கூட என்று காட்டுகிறார். நல்ல நூல். ஆனால் ஆங்கிலத்தில் இருக்கிறது, விலையும் அதிகம். ஊத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் பாட்டிக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

என் மனக்குறை இதுதான். நோட்டுப் புத்தகத்தோடு லயத்துக்கு வருகிறார்கள், கேட்கிறார்கள், எழுதிக்கொண்டு போகிறார்கள். அதன் பிறகு என்ன ஆனது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் வாக்குமூலத்தில் ஒருவருக்கு முனைவர் பட்டம் கிடைக்கிறது. உங்களுக்கு ஒரு பிரதிகூட வருவதில்லை.

அதனால் இனி யாராவது ஆராய்ச்சி என்று வந்தால் பேசுங்கள், கதவைச் சாத்த வேண்டாம். ஆனால் எந்தப் பல்கலைக்கழகம், எதற்காக என்று கேளுங்கள். முடிந்ததும் தமிழில் ஒரு சுருக்கம் தர வேண்டும் என்று சொல்லுங்கள். புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். எஸ்.டி.பி.எம். முடித்த மகள் இந்தத் துறையைக் கேட்டால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அவள் கேட்டால் பாட்டி சொல்லும் பதிலே வேறு.

பாராகுவாட் போனாலும் வேறு களைக்கொல்லிகள் தோட்டங்களில் இருக்கின்றன. இன்று அவற்றை அடிப்பவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் உண்டு. அவர்களுக்கும் நகம் இருக்கிறது, நுரையீரல் இருக்கிறது.

பழைய சம்பளச் சீட்டு, தோட்டத்து டிரசர் எழுதிய அட்டை, எம்.சி. துண்டு எதுவானாலும் எறிய வேண்டாம். அப்படி ஏதாவது வீட்டில் வைத்திருக்கும் தாய்மார்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து பேசுங்கள்.