அடிப்பாரம் காயட்டும்!

('பழையதைப் பழுது பார்ப்பதா, புதியதை வாங்குவதா?' என்ற தொலைக்காட்சி அரங்கில், பழுது பார்க்கும் அணிக்காகப் பேசியவரின் உரை.)



'பழைய பொருளுக்குச் செலவழிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது' என்று சொல்லி எதிரணி நண்பர் கைதட்டல் வாங்கிவிட்டுப் போயிருக்கிறார். மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் கிடக்கட்டும். உயிரையே நம்பி ஏறுகிற பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாய்மரப் படகு.

மலேசியாவில் கேமரன் மலையில் கியா பார்ம் என்று ஓர் ஊர். சுற்றிலும் தேயிலையும் காய்கறித் தோட்டமும்தான். கடலைப் பார்க்க மலையிறங்க வேண்டும். ஆனால் அங்கே முட்டைக்கோஸ் ஏற்றும் லாரிக்காரரைக் கேளுங்கள். பாரம் உச்சியில் ஏறினால் வளைவில் வண்டி சாயும் என்பார். படகுக்கும் அதே கணக்குதான். நம்மூர் தஞ்சாவூர் பொம்மையைத் தட்டிவிட்டால் மறுபடி எழுந்து உட்காருகிறதே, எதனால்? அடியில் கனம் இருக்கிறது. பெரிய பாய்மரப் படகுக்கும் ஏராக்கட்டையில், அதாவது அடிமுதுகெலும்பில், ஈயமோ இரும்போ வைத்துக் கனம் சேர்ப்பார்கள். அதுதான் அடிப்பாரம். படகின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் இருப்பதுண்டு. காற்று சாய்த்தால் தூக்கி நிறுத்துவது அதுதான்.

சுஹைலி என்றொரு படகு. 1960களில் மும்பையில் நம்மூர்த் தச்சர்கள் தேக்கில் இழைத்தது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதில் 1968 ஜூனில் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பி, எங்கும் நிற்காமல், தனி ஆளாக உலகைச் சுற்றி 1969 ஏப்ரலில் திரும்பினார். 312 நாட்கள். அப்படிச் சுற்றிய முதல் மனிதர் அவர். ஆனால் கிளம்பிய சில வாரங்களிலேயே படகுக்குள் தண்ணீர். ஏராக்கட்டைக்குச் சற்று மேலே, பலகைச் சந்தில் கசிவு. மனிதர் நடுக்கடலில் குதித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பருத்தித் திரியைத் திணித்துக் கலப்பத்து அடித்தார், கித்தான் பட்டை வைத்துச் செம்பு ஆணி அறைந்தார். நடுவில் சுறா வந்தது தனிக்கதை. பின்னாளில் அந்தப் படகு அருங்காட்சியகத்தில் நின்றபோது, உள்ளே இருந்த உலர்ந்த காற்றில் பலகைகள் சுருங்க ஆரம்பித்தன. வெளியே எடுத்து, பழுது பார்த்து, மீண்டும் கடலில் இறக்கினார்.

இன்னொரு படகு, சீக்கி ரபிக்கி. 2006ல் கட்டியது. 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் அடிப்பாரம் கழன்று கவிழ்ந்தது. நான்கு பேர் போய்விட்டார்கள். எட்டே வயதுப் படகு, நடுவர் அவர்களே! முன்பு தரை தட்டியதும், அதற்குப் பிறகு பார்த்த பழுதுகளும், உள்சட்டத்தின் ஒட்டுதலைத் தளர்த்தியிருக்கலாம் என்றது பிரிட்டிஷ் விசாரணை.

எதிரணி இப்போது துள்ளும்: 'பார்த்தீர்களா, பழுது பார்த்ததால் வந்த வினை!' இல்லை. எப்படிப் பழுது பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

பழைய பைபர் படகுகள் பலவற்றில் ஏராக்கட்டை ஒரு கூடு. உள்ளே ஈயம் இருக்கும். மலிவாகக் கட்டியதென்றால் இரும்புத் துண்டுகளைப் போட்டு சிமெண்ட் ஊற்றியிருப்பார்கள். ஒருமுறை பாறையில் உரசினால் போதும், தண்ணீர் உள்ளே போகும். இரும்பு துருப்பிடித்து ஊதும், கூட்டை உள்ளிருந்தே பிளக்கும். வெளியே பளபளவென்று பெயிண்ட் இருக்கும்!

இதற்கு முதல் மருந்து எபாக்சி இல்லை, சுத்தியல். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால், கெட்டியான இடம் கணீரென்று சொல்லும், உள்ளே பிரிந்த இடம் தொப்பென்று சொல்லும். அந்த இடத்தில், அடியில் துளை போட வேண்டும். துருத் தண்ணீர் வடியும். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, பிறகு காயவிட வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில். அவசரக்காரர் தோற்பது இங்கேதான். ஈரத்தை உள்ளே வைத்து மேலே பைபர் ஒட்டினால் அது பழுது இல்லை, திரை.

காய்ந்தபின் இற்றுப்போனதைச் சுரண்டி எடுத்து, இரும்பை வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, மறுபடி துரு பூக்குமுன் எபாக்சி தடவ வேண்டும். பொந்துகளை நிரப்பும்போது வாளியோடு ஊற்றக்கூடாது. கெட்டியாகும்போது சூடாகும், மொத்தமாக ஊற்றினால் புகைந்து விரிசல் விடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஒவ்வொரு பூச்சும் இறுகியபின் மேலே மெழுகுபோல் ஏதாவது படிந்திருந்தால் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் அடுத்தது. உடைந்த ஓரத்தையும் செங்குத்தாக விடாமல் அகலச் சரிவாக இழைத்து, நெய்த கண்ணாடித் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்ட வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் பைபர் படகுகள் பெருகின. ரெசினும் மேட்டும் தெரியாத குப்பம் இல்லை. ஆனால் அங்கே புழங்குவது பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின். குளிர்ந்தால் ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டுவார்கள், வெயிலில் குறைப்பார்கள். எபாக்சியில் அந்தக் கைப்பழக்கம் ஆகாது. கம்பெனி சொன்ன அளவு அப்படியே. கூட்டினால் சீக்கிரம் இறுகாது, கொழகொழவென்றே நிற்கும். சாதாரண மேட்டும் அதில் சரியாக ஊறாது. அதனால்தான் நெய்த துணி. கையுறை இல்லாமல் தொட்டுப் பழகியவருக்கு ஒருநாள் தோல் தடித்து, பிறகு அந்த வாடையே ஆகாமல் போவதும் உண்டு.

எதிரணிக்கு ஓர் இடம் விட்டுக்கொடுக்கலாம். தட்டிப் பார்க்கையில் அடிமுழுக்கத் தொப்தொப் என்றால், அடிப்பாரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அரித்துப் பென்சிலாகியிருந்தால், அப்போது அவர்கள் சொல்வதும் நியாயம். ஆனால் அதைச் சொல்லும் தகுதி சுத்தியலை எடுத்துத் தட்டிப் பார்த்தவருக்குத்தான் உண்டு, நடுவர் அவர்களே. எதிரணி இன்னும் சுத்தியலையே எடுக்கவில்லை.