டோர்ச் லைட்டுக்கு நம்ம விலாசம் எதுக்கு?

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்குக் கைத்தொலைபேசியைப் பற்றிக் கதைக்கச் சொல்லியிருக்கிறார்கள். போனை எப்படிப் பாவிக்கிறது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதில் உங்கள் பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். போன் நம்மை எப்படிப் பாவிக்கிறது என்று கொஞ்சம் கதைப்போம்.

முதலில் ஒரு கேள்வி. நம்மில் எத்தனை பேருடைய காம்பரா வாசலுக்குத் தபால்காரர் நேரே வந்து கடிதம் கொடுத்திருக்கிறார்? சிரிக்கிறீங்க. பல தோட்டங்களில் இன்றைக்கும் லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கேயிருந்து யார் கையிலாவது ஏறி, எப்பவாவது வீட்டுக்கு வரும். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம், பரீட்சை முடிஞ்ச பிறகு வந்து சேர்ந்த கதை மலையகத்தில் புதுசில்லை. மேல் கணக்கு, இத்தனையாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா என்று எழுதிக் கொடுத்தால் கொழும்பில் இருக்கிற எந்தக் கந்தோருக்கும் வெளங்காது.

ஆனால் உங்க போனுக்கு நல்லா வெளங்கும். வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வைத்து, தான் நிற்கிற இடத்தைச் சில மீட்டர் வித்தியாசத்துக்குள் அது கணக்குப் பண்ணிக்கொள்ளும். அந்த இடத்தைக் கேட்கிற ஆப் ஒன்றுக்கு நீங்கள் 'சரி' என்று அனுமதி கொடுத்தால், அது கம்பெனிக்குப் போய்ச் சேரும். இரவு பத்து மணிக்குப் போன் எங்கே படுத்திருக்கோ அது உங்க வீடு. காலையில் எந்த மலையில் நிற்கிறதோ அது உங்க வேலை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கே நிற்கிறது என்பதும் அதுக்குத் தெரியும். அதை வீட்டுக்கார அம்மாவுக்குச் சொல்லாதது மட்டும்தான் மிச்சம். கடிதத்துக்கு வழி தெரியாத வீட்டுக்கு விளம்பரம் வழி கேட்காமல் வருது, பாருங்க.

ஒரு உண்மையான விசயம் சொல்லுறேன். அமெரிக்காவில் ஒரு டோர்ச் லைட் ஆப் இருந்தது. கோடிக்கணக்கான தடவை இறக்கிய ஆப். அமுக்கினா வெளிச்சம், திரும்ப அமுக்கினா இருட்டு, வேறு வேலை கிடையாது. 2013 ஆம் ஆண்டு அந்த நாட்டின் வர்த்தக ஆணைக்குழு அதன்மேல் நடவடிக்கை எடுத்தது. ஏன்? டோர்ச் அடிக்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதையும், அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணையும் அந்த ஆப் விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பிக்கிட்டிருந்தது. நிபந்தனைகளுக்கு 'சம்மதம்', 'மறுப்பு' என்று இரண்டு பட்டன் வைத்திருந்தார்கள். நீங்க எதையும் அமுக்க முந்தியே தகவல் போக ஆரம்பிச்சிருக்கு! கரண்ட் இல்லாத ராத்திரியில கக்கூசுக்குப் போறதுக்கு நாம டோர்ச் அடிக்கிறோம். அதுக்கு நம்ம விலாசம் எதுக்கு?

இது சாதாரண சனத்துக்கு மட்டும் நடக்கிற காரியமும் இல்லை. ஓட்டப் பயிற்சி செய்கிறவர்கள் எங்கே ஓடினார்கள் என்று காட்டுகிற ஆப் ஒன்று, எல்லாருடைய ஓட்டத்தையும் ஒரே உலக வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் அதை உற்றுப் பார்த்தவர்களுக்கு, சிரியா, ஆப்கானிஸ்தான் பக்கத்து வெட்டவெளியில் பளிச்சென்று கோடுகள் தெரிந்தன. முகாமைச் சுற்றி அமெரிக்க இராணுவக்காரர்கள் காலையில் ஓடிய பாதை அது. மறைவாக இருக்க வேண்டிய முகாமை அவங்க காலே வரைஞ்சு கொடுத்திருச்சு.

இப்போது, எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வருவோம். 'இஸ்தோப்புல உட்கார்ந்து பிரசர் குக்கர் வாங்கணும்னு கதைச்சோம், அடுத்த நாள் போனில் பிரசர் குக்கர் விளம்பரம் வருது. போன் ஒட்டுக்கேட்குதா?' என்று கேட்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் 17,000 க்கும் மேற்பட்ட ஆப்களைச் சோதித்துப் பார்த்து 2018 இல் முடிவை வெளியிட்டார்கள். களவாகப் பேச்சைப் பதிவுசெய்து அனுப்புகிற ஆப் அவர்களுக்கு அகப்படவில்லை. ஆனால், திரையில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் படம்பிடித்து அனுப்பினவை சில அகப்பட்டன. அதாவது காதை மூடிக்கிட்டு, கண்ணைத் திறந்து வைச்சிருந்தாங்க. சொல்லப்போனால், ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. கொழும்பில் வேலை செய்கிற மகன் குக்கர் விலையைத் தேடிப் பார்த்திருப்பான். மகள் ஒரு சமையல் வீடியோ பார்த்திருப்பாள். ஒரே வீட்டு ஆட்கள் என்று கம்பெனிக்குத் தெரியும். சம்பந்தமில்லாமல் வந்த நூறு விளம்பரத்தை நாம மறந்திட்டோம், பொருந்தி வந்த ஒன்றை லயம் முழுக்கச் சொல்லிட்டோம். அதுவும் ஒரு காரணம்.

இந்தத் தேடுதல், பார்த்தல் எல்லாம் எப்படி ஞாபகத்தில் இருக்கிறது? 1994 இல் லூ மொண்டுலி என்ற கணினிக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். இணையத்தளம் ஒன்றைப் பார்க்கப் போகிறவர் கையில் அந்தத் தளம் ஒரு சின்னத் துண்டைக் கொடுத்து அனுப்பும். அடுத்த முறை போகும்போது, அந்தத் துண்டைப் பார்த்து 'போன தடவை வந்த ஆள்தானே' என்று கண்டுகொள்ளும். இதற்குக் குக்கி என்று பெயர். பிஸ்கட்டு என்று அர்த்தம். பேர் மட்டும்தான் இனிப்பு. கடைக்காரர் ஒருவர் நம்மை ஞாபகம் வைத்திருப்பதில் தப்பில்லை. ஆனால் கொஞ்ச காலத்தில் விளம்பரக் கம்பெனிகள் ஆயிரம் கடையில் தங்கள் ஆளை நிறுத்தி, ஒரே துண்டை எல்லாக் கடையிலும் வாசிக்கத் தொடங்கினார்கள்.

துண்டு என்றதும் முன்னால் இருக்கிற தாத்தாமாருக்கு ஒன்று ஞாபகம் வரும். அவங்க அப்பா, தாத்தா சொல்லிக் கேட்டிருப்பாங்க. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் துரையிடம் துண்டு வாங்க வேண்டும். இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கும். ஆள் போற இடமெல்லாம் கடனும் கூடவே போகும். 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அது ஒழிஞ்சது. அதற்கு முந்தி, கடல் கடந்து வரும்போதே தகர டிக்கட் என்று ஒன்றைக் கழுத்தில் கட்டிவிட்டார்கள். அதில் நம்ம ஆளுடைய பேர் இருக்காது. தோட்டத்துக்குரிய இலக்கமும் ஆளுக்குரிய இலக்கமும்தான் அடிச்சிருக்கும்.

ஆகவே, நம்மைக் கணக்கு வைக்கிறது புதுசில்லை. செக்ரோலில் பேர் விழுந்தால்தான் சம்பளம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது நாம முன்னால நிற்கிறோம். 'ஐயா, ரெண்டு கிலோ குறைச்சுப் போட்டுட்டீங்களே' என்று சண்டை பிடிக்கலாம். சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழிக்கும்போது வாய்விட்டுக் கேட்கலாம். கிடைக்குதோ இல்லையோ, கேட்க ஒரு முகம் இருக்கிறது. போனில் நம்மைப்பற்றி எழுதுகிற கணக்கப்பிள்ளையை யார் கண்டது?

'லயத்துல இருக்கிறவனுக்கு என்னாங்க ரகசியம்?' என்று ஒரு தம்பி கேட்கிறார். நியாயமான கேள்வி. பக்கத்துக் காம்பராவில் கருவாடு வறுத்தால் இங்கே சோறு இறங்கும். புருசன் பெண்சாதி சண்டை பத்துக் காம்பராவுக்குக் கேட்கும். ஆனால் தம்பி, அவங்க விசயம் உங்களுக்குத் தெரியும், உங்க விசயம் அவங்களுக்குத் தெரியும். கணக்கு நேர். நாளைக்கு ஒரு சாவு என்றால் அதே சனம்தான் வந்து நிற்கும். கம்பெனிக்கு உங்களைத் தெரியும், உங்களுக்குக் கம்பெனியைத் தெரியாது. உங்க வீட்டுச் சாவுக்கு அது வரவும் வராது.

இனி, இன்றைக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்த விசயம். விளம்பரம் வந்தால் தள்ளிவிட்டுப் போகலாம். கடன் அப்படி இல்லை.

போனிலேயே கடன் தருகிறோம் என்று சில ஆப் வருகிறது. பிணை வேண்டாம், ஆபீசுக்கு வரவேண்டாம், பத்து நிமிசத்தில் காசு. பள்ளிக்கூடம் தொடங்குற மாசத்தில் சப்பாத்துக்கும் கொப்பிக்கும் காசில்லாத ஒரு அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அதை இறக்குகிறார். அது வரிசையாகக் கேட்கும்: உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா? படங்களைப் பார்க்கலாமா? எஸ்.எம்.எஸ். வாசிக்கலாமா? அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'சரி'. தொடர்புகள் என்றால் என்ன? தலைவர் நம்பர், பிள்ளையின் டீச்சர் நம்பர், சம்பந்தி வீடு, குவைத்தில் இருக்கிற தங்கச்சி, மருத்துவமாது, பக்கத்துக் காம்பரா. பிணை வேண்டாம் என்றார்களே, லயம் முழுவதும்தான் பிணை! தவணை ஒரு நாள் பிந்தினால் இத்தனை பேருக்கும் போன் போகும்.

நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்தியாவில் 2020 கடைசியில் இப்படித்தான் நடந்தது. கடன்பட்டவரின் போனில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் எடுத்து அவமானப்படுத்தினார்கள், படத்தை மாற்றி அனுப்பினார்கள். சிலர் உயிரையே விட்டார்கள். தெலுங்கானாவில் பொலிசார் ஆட்களைக் கைதுசெய்தார்கள். கடன் ஆப்கள் தொடர்புகளையும் படங்களையும் தொடக்கூடாது என்று கூகுள் கம்பெனி 2023 இல் விதி கொண்டுவந்தது. ஆனால் அது அவர்களுடைய கடையில் இறக்குகிற ஆப்புக்குத்தான். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்புகிற லிங்கை அமுக்கி இறக்குகிற ஆப்பை அந்த விதி கட்டுப்படுத்தாது.

அதே ஆப் அடையாள அட்டையையும் இரண்டு பக்கம் படம்பிடித்து அனுப்பச் சொல்லும். வெளிநாட்டு வேலை என்று வாட்ஸ்அப்பில் வருகிற முகந்தெரியாத ஆளும் அதைத்தான் கேட்பார். அந்த இலக்கத்தில் என்ன இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பழைய அட்டையில் முதல் இரண்டு எண் பிறந்த வருசம். அடுத்த மூன்று எண், அந்த வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 ஐக் கூட்டியிருக்கும். ஆக, 78562 என்று தொடங்கினால் அவர் 1978 இல், மார்ச் முதல் கிழமையில் பிறந்த ஒரு அக்கா. வயசு கேட்டா முப்பத்தஞ்சைத் தாண்டாத அக்காமார் கவனிச்சுக்குங்க! புதிய 12 எண் அட்டையிலும் இதே கதைதான், வருசம் மட்டும் முழுசா இருக்கும்.

அந்த அட்டை நமக்குச் சும்மா வந்ததா? 1948 இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் இழுபட்டது. ஒரு அட்டைக்காக நம்ம பெரியவர்கள் எத்தனை கந்தோர்ப் படி ஏறினார்கள்? அதைப் பத்தாயிரம் ரூபாவுக்காக முகம் தெரியாத ஆளுக்குப் படம்பிடித்து அனுப்புகிறோம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஆள்சார் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நம்முடைய விபரத்தை எதற்காக எடுத்தாய் என்று கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. ஆனால் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிற பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டி இருந்து, ஒத்திவைக்கப்பட்டன. நமக்கு வரவேண்டியது பிந்துவது பழக்கம்தானே.

போனைத் தூக்கி வீசச் சொல்லவில்லை. கொரோனா காலத்தில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் பாறைமேல் ஏறிப் படித்ததை மறக்க முடியுமா? போன் வேண்டும். ஆனால் அது ஒன்று கேட்கும்போது, கடைக்காரர் கேட்டால் என்ன சொல்வீர்களோ அதையே சொல்லுங்கள். கிழங்கு வாங்கப் போன இடத்தில், 'உங்க சொந்தக்காரங்க நம்பரெல்லாம் குடுங்க' என்று கேட்டால் குடுப்பீங்களா? 'முதலாளி, கிழங்கை நிறுங்க' என்பீங்க. வரைபடம் பார்க்கிற ஆப் இடம் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அதற்கும் 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்பதை அமுக்கினால் போதும். விளையாட்டு ஆப் தொடர்புகளைக் கேட்டால் 'வேண்டாம்'. வங்கியில் இருந்து வருகிற ஒருதடவை இலக்கத்தை யாருக்கும் வாசித்துக் காட்டவேண்டாம், துரை பேசுகிறேன் என்று சொன்னாலும்.

முன்பு கொடுத்த அனுமதியைத் திருப்பி வாங்கவும் முடியும். போன் அமைப்புகளுக்குள் போய், ஆப்கள் என்ற இடத்தில் ஒவ்வொன்றாகத் திறந்தால், எதெது எதைத் தொடுகிறது என்று வரிசையாகக் காட்டும். தேத்தண்ணி குடிச்சதும் போனை எடுத்துக்கிட்டு முன்னால வாங்க, மேசையில வைச்சுப் பார்ப்போம். படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் உதவிக்கு நிற்கிறார்கள். அம்மாமார் முதலில் வரட்டும். தம்பிமாரே, நீங்களும் வாங்க, உங்க படங்களை யாரும் திறக்க மாட்டாங்க.